அரசு லேப்டாப்பில் புது பிரவுசர் போடுவது எப்படி?

கேள்வி: என் பொண்ணு பிளஸ் டூ படிக்கும்போது, 2012-ல் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. கொப்பரை ஏல விலை பார்க்க, கரண்ட் பில் கட்ட ஆகுமேன்னு எடுத்து வைத்தேன். அதில் பாஸ் லினக்ஸ் ஓடுகிறது. பாதி வெப்சைட்டுகள் ‘இணைப்பு பாதுகாப்பானது இல்லை’ன்னு நின்றுவிடுகின்றன. புது ஃபயர்ஃபாக்ஸ் இறக்கினேன், அந்த இ.எக்ஸ்.இ. ஃபைல் திறக்கவே இல்லை. தம்பி மகன் ஒரு டெப் ஃபைல் அனுப்பினான். அது ‘டிபெண்டன்சி’ இல்லைன்னு சொல்லுது. லினக்ஸ் எனக்குப் புதுசுங்க. என்ன செய்யட்டும்?

— வாசகி, பெருந்துறை

பதில்: இ.எக்ஸ்.இ. என்பது விண்டோஸுக்காகச் செய்தது. லினக்ஸ் அதை நேரடியாக ஓட்டாது. டெப் ஃபைல் விஷயம் வேறு. சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. டெபியனின் பேக்கேஜ் வடிவம்தான் டெப். ஆகவே தம்பி மகன் அனுப்பிய வகை சரிதான், காலம்தான் பொருந்தவில்லை. பிரவுசர் தனியாக ஓடுவதில்லை. ஜன்னல் வரைய, எழுத்து காட்ட, ஒலி எழுப்ப எல்லாம் சிஸ்டத்தில் உள்ள லைப்ரரிகளை நம்பியிருக்கிறது. புது பிரவுசர் கேட்பது இன்றைய லைப்ரரிகளை. உங்களிடம் இருப்பவை 2012-ஐ ஒட்டியவை. ஒவ்வொன்றாக இறக்கி ஒப்பேற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருக்கும் மற்றவை நின்றுபோகும்.

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் விட வேண்டியது, இணையத்தில் ஃபைலைத் தேடி இறக்கும் பழக்கத்தை. டெபியனுக்கென்று ஒரு களஞ்சியம் இருக்கிறது. சோதித்து, டிஜிட்டல் கையொப்பமிட்ட பேக்கேஜ்கள் அங்கே இருக்கும். ‘ஆப்ட்’ என்ற கட்டளை அங்கே போய், கையொப்பத்தைச் சரிபார்த்து, தேவையான லைப்ரரிகளையும் சேர்த்தே கொண்டுவந்து நிறுவும். நாளைக்கு பிரவுசரில் ஓட்டை கண்டுபிடித்தாலும் திருத்தம் அதே வழியில் வரும்.

ஆனால் டெபியனின் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 5 ஆண்டுகள்தான் பராமரிப்பு. உங்கள் பாஸ் உருவான காலத்து டெபியனுக்கு அது முடிந்து வெகுநாளாயிற்று. எனவே பிரவுசரை விடுங்கள், சிஸ்டத்தையே இன்றைய டெபியனுக்கு மாற்றுங்கள். பணம் கட்டப் போகிற மெஷின் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: பழைய பிரவுசரில் எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு பேங்க் பாஸ்வேர்டு அடிக்கவே அடிக்காதீர்கள். (அந்தப் பிரவுசரின் பெயர் ‘ஐஸ்வீசல்’ என்றிருந்தால் குழம்ப வேண்டாம். வணிகக்குறி தகராறால் 2006 முதல் 2016 வரை டெபியனில் ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் பெயரில்தான் வந்தது.)

பொண்ணின் போட்டோக்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு கட்டளைகளை அடிக்கும் ‘டெர்மினல்’ ஜன்னலைத் திறந்து ‘எல்எஸ்சிபியு’ என்று அடித்தால், பிராசசர் 64-பிட் தாங்குமா என்று தெரியும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32-பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது. 64-பிட் என்றால், ‘எக்ஸ்எஃப்சிஇ’ திரையோடு வரும் லைவ் பதிப்பை இன்னொரு பென் டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். தம்பி மகன் செய்துவிடுவார். நிறுவாமலே அதை ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, கீபோர்டு வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். ரேம் 2 ஜிபி என்றால் 4 ஆக்குங்கள். இன்றைய வெப்சைட்டுகளுக்கு 2 ஜிபி போதாது.

நிறுவும்போது ‘ரூட்’ பாஸ்வேர்டு கேட்டால் காலியாக விடுங்கள். அப்போதுதான் உங்கள் சொந்த பாஸ்வேர்டிலேயே நிர்வாக வேலைகள் நடக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பெரும்பாலும் கூடவே வந்திருக்கும். இல்லையென்றால் டெர்மினலில் இரண்டே வரி. ஒலிக்கிறபடி எழுதுகிறேன், ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே இடம் விட்டு அடியுங்கள்.

சூடோ ஆப்ட் அப்டேட்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்-ஈஎஸ்ஆர்

முதல் வரி களஞ்சியத்தின் பட்டியலைப் புதுப்பிக்கும், அடுத்தது பிரவுசரை நிறுவும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அடித்து முடித்து என்டர் தட்டுங்கள், ஏற்றுக்கொள்ளும். ‘லாக்’ கிடைக்கவில்லை என்று வந்தால் பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடுகிறது என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடியுங்கள். தொடரலாமா என்று கேட்கும்போது ‘ஒய்’ அழுத்துங்கள்.

தமிழ் மெனு வேண்டுமென்றால், இரண்டாம் வரியில் பேக்கேஜ் பெயருக்குப் பதிலாக ‘ஃபயர்ஃபாக்ஸ்-ஈஎஸ்ஆர்-எல்10என்-டிஏ’ என்று கொடுங்கள். பிறகு பிரவுசரின் செட்டிங்ஸில் மொழியைத் தமிழாக்கி, ஒருமுறை மூடித் திறந்தால் போதும்.