தோட்டத்து வம்சாவளிக்கு ஏடு இல்லையா?

பாட்டன் கப்பலேறி வந்தார், லயத்தில் இருந்தார், பால்மரம் வெட்டினார், இறந்துபோனார். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் வம்சாவளிப் பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நிலமும் பட்டமும் இருந்தவர்களுக்குத்தான் பரம்பரை எழுதப்படும், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு எழுத்துச் சாட்சி ஏது என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். அது தவறான நம்பிக்கை. தொழிலாளி எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் அவரைப் பற்றி மற்றவர்கள் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் நாள் குறித்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறும் காய்ச்சலும் பதிவாயின. அன்பினால் செய்த வேலையல்ல அது, கூலிக் கணக்குக்காகச் செய்தது. ஆனாலும் அதில் இருப்பவை நம்மவர் பெயர்கள்.

தேடத் தொடங்குகிறவர்களை முதலில் வழிதப்ப வைப்பது, எல்லோரும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள் என்ற எண்ணம். மொரீசியஸ் தமிழர்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் மூதாதையின் பெயரைக் கண்டுபிடிப்பதைக் கேள்விப்பட்டு, நமக்கும் அப்படி ஒரு சீட்டு எங்கோ இருக்கும் என்று தேடுகிறார்கள். கிடைக்காதபோது எல்லாம் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிந்துபோனது. நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் ஆட்களைக் கொண்டுவந்தவர் கங்காணி. 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அந்த முறை நீடித்தது. கங்காணி தம் சொந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும்தான் ஆள் எடுத்தார். 1920களின் விதிகளின்படி கிராம முன்சீப்பின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் பாட்டனின் ஊர் தெரியாவிட்டாலும், அதே கங்காணியின் கீழ் வந்த அடுத்த வீட்டாரின் ஊர் தெரிந்தால் பாதி வழி கடந்தாயிற்று. திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காடு என்று மாவட்டங்களைச் சல்லடை போடுவதைவிட, பழைய லயத்தில் யார் பக்கத்தில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்பது பயன் தரும். கப்பல் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பாட்டன் ரஜூலா கப்பலில் வந்தார் என்பது பல வீடுகளில் வழங்கும் பேச்சு. ரஜூலா கட்டப்பட்டது 1926இல். அதற்கு முன்பே இங்கே பிள்ளை பெற்றவர் அதில் முதன்முதலாக வந்திருக்க முடியாது. ஊருக்குப் போய்த் திரும்பிய பயணமாக வேண்டுமானால் இருக்கலாம்.

ஜப்பான்காரன் காலத்தில் எல்லா ஏடும் போய்விட்டதே என்பார்கள். இதில் உண்மை உண்டு, சிறிய உண்மையும் அல்ல. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த தோட்டத்து மக்களில் எத்தனையோ பேருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. அந்த இழப்பை எந்தத் தேடலாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் பேரழிவு நடந்த இடத்திலும் தேடல் முடிந்துவிடுவதில்லை. குலப்பெயர்களைப் பெருமையோடு காக்கும் அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுப் பத்திரங்கள் சாம்பலாயின. ஐரிஷ் மக்கள் அதன் பிறகு வரிக்கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். 1847 முதல் 1864 வரை, யார் யாரிடம் எவ்வளவு நிலம் குத்தகைக்கு வைத்திருந்தார் என்று வரி போடுவதற்காக எழுதிய கிரிஃபித் மதிப்பீடு இன்று அவர்களுடைய வம்சாவளித் தேடலின் தூண்களில் ஒன்று. கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நான ஏடுகள் அந்தக் காப்பகத்தில் இல்லாததால் பிழைத்தன. மையத்தில் இருந்தது எரிந்தது, ஊரூராகச் சிதறிக் கிடந்தது தப்பியது. நம்முடைய தாள்களும் அப்படிச் சிதறிக் கிடப்பவைதான்.

எங்கே தேடக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். பழைய திருமணச் சான்றிதழ் இல்லை என்று கலங்க வேண்டியதில்லை. 1982 மார்ச்சில் புதிய திருமணச் சட்டம் நடப்புக்கு வரும்வரை, கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்த தோட்டத்துக் கல்யாணங்கள் ஏராளம். மாறாக, 1948இல் அவசரகாலத்தோடு வந்த அடையாள அட்டை, குடியுரிமை விண்ணப்பம், பிறப்புப் பத்திரம் ஆகியவை பேசும். அவற்றில் ஒரே ஆள் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வரலாம். கிராணியின் காதில் விழுந்தது அது. எழுத்து வேறு என்பதற்காக ஆள் வேறு என்று தள்ளிவிடக் கூடாது. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுக்கு நான் பெரிய மதிப்பு வைக்கிறேன். 1912இன் தொழிலாளர் சட்டம் பிள்ளைகள் உள்ள தோட்டங்களைப் பள்ளி நடத்த வைத்தது. லின்சம், கிர்பி, சுவா பெத்தோங், கெடிஸ் என்ற தோட்டப் பெயர்களை இன்றும் பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த தேதி என்று ஒரு தோட்டத்தின் தலைமுறைகள் அந்தப் பதிவேட்டில் வரிசையாக நிற்கும். 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டத்தால் இந்தியா திரும்பிய பல்லாயிரம் பேரின் குடும்பங்களையும் மறக்க வேண்டாம். இங்கே தொலைந்துபோன ஊர்ப்பெயர் அங்கே ஒரு வீட்டில் இருக்கலாம்.

வேரைத் தோண்டினால் சாதிதானே வரும் என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். தோட்டத்துக் கோயிலிலும் கல்யாணப் பேச்சிலும் சாதி செய்த கொடுமையை அறிந்தவர்கள் சொல்வது அது. ஆனால் தேடாமல் இருப்பதால் சாதி அழிந்துவிடவில்லை. ஏடு வைத்திருப்பவர்களின் பெருமைக் கதை மட்டுமே வரலாறாக நிற்கிறது. எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், என்ன வேலை என்று கேட்கும் தேடலில் யாரும் யாருக்கும் மேலல்ல. ஒரே பெரட்டில் நின்றவர்களின் வரலாறாகவே அது வெளிவருகிறது.

இந்த மாநிலத்தில் நம் அண்டை வீட்டாரான மலாய்க்காரர்கள், சுக்கு என்னும் பன்னிரண்டு குலங்களாகத் தாய்வழியில் எண்ணுகிறவர்கள். அவர்கள் நினைவாற்றல் மிக்கவர்கள், நாம் மறதிக்காரர்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுடைய குலநிலத்தை 1909 முதல் சட்டமே பதிவேட்டில் ஏற்றிக் காத்தது. நமக்கோ காலடி மண்கூடச் சொந்தமில்லை. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறும்போது முதலில் காணாமல் போவது சுடுகாடும் ஆபீஸ் அலமாரியும்தான். செண்டாயான் பக்கம் அது கண்ணெதிரே நடந்த மாற்றம். ஆகவே எஞ்சியிருக்கும் செக்ரோல் எதுவானாலும் படமெடுத்து வைக்கவேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. நம் பெயர்முறை தகப்பனை மட்டும் சுமக்கிறது. பாட்டியின் தாய் யார் என்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது. செக்ரோலில் அவருக்குத் தனி வரி உண்டு. அவரும் மரம் வெட்டினார், தம் பெயரிலேயே கூலி வாங்கினார்.