முதலில் யாரிடம் காட்டுவது?

என் தம்பிக்குத் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வேலைக்குப் போவதும் நின்றபோது வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நரம்பு டாக்டரிடம் காட்டு என்றார் சித்தப்பா. கவுன்சலிங் போதும் என்றாள் அக்கா. நான் அவனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன். தூக்கம், பசி, வேலை மூன்றும் ஆட்டம் கண்டுவிட்டாலோ, யாருமில்லாதபோது குரல் கேட்டாலோ, செத்துப்போகிறேன் என்ற பேச்சு வந்தாலோ, முதலில் பார்க்க வேண்டியவர் சைக்கியாட்ரிஸ்ட். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்புப் படித்த டாக்டர்.

எங்கள் டாக்டர் எடுத்தவுடன் மனக்கவலையைப் பற்றிக் கேட்கவில்லை. "விடியக்காலம் எத்தனை மணிக்கு முழிப்பு வருது தம்பி? எழுந்ததும் மனசு எப்படி இருக்கு, சாயங்காலம் எப்படி இருக்கு?" என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தைராய்டு பரிசோதனைக்குச் சீட்டு கொடுத்தார். தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித் துவண்டுபோகலாமாம். உடம்பையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் முதலில் போகச் சொல்வது இதனால்தான்.

தூக்கம் திரும்பிய பிறகு, பேச்சு சிகிச்சைக்காக கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அவரே அனுப்பினார். இவர்கள் மாத்திரை எழுத மாட்டார்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார்.

குடும்பச் சச்சரவு, பரீட்சை பயம், இழப்பின் துக்கம் இவற்றுக்கு நல்ல கவுன்சலர் பெரிய துணை. ஆனால் சில வாரப் பயிற்சியோடு போர்டு மாட்டியவர்களும் உண்டு. என்ன படித்தீர்கள், நிலைமை மோசமானால் எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள் என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். "மாத்திரையெல்லாம் தூக்கிப் போடுங்க, நான் பேசியே சரிபண்ணிடறேன்" என்று சொல்பவரிடம் ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள்.

பணத்துக்கு யோசித்துத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரைப் பார்ப்பது என்றே புரியவில்லையென்றால் 14416க்கு அழைக்கலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள். மனநல சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு சட்டமே சொல்கிறது, பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

ஒருவர் ஒத்துவரவில்லையென்றால் தாராளமாக வேறொருவரிடம் போகலாம். நடுவில் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாமல், பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.