தரமா, நிலையா? அமிர்தகழிச் சிறாரின் வாசிப்புக்கும் கணக்குக்கும் ஏற்ற வழியைத் தெரிதல்

இலங்கைக் கல்வி அமைச்சு 2021 டிசெம்பரில் தரம் 3 மாணவரிடையே நடத்திய கணிப்பீட்டில், எழுத்தறிவில் குறைந்தபட்சத் தேர்ச்சியை 34 வீதத்தினரும், எண்ணறிவில், அதாவது எண்ணின் பெறுமதியை உணர்ந்து கூட்டவும் கழிக்கவும் வல்ல திறனில், 7 வீதத்தினருமே அடைந்திருந்தனர். அம்மாணவர் தரம் 2 இன் முதலாம் தவணையில் இருந்தபோதே, 2020 மார்ச்சில், கொவிட் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன என்பது பெரிய காரணம்தான். ஆயினும் வயதுக்கேற்ப ஆண்டுதோறும் அடுத்த தரத்துக்கு ஏற்றப்படும் முறையில், ஒருமுறை பின்தங்கிய பிள்ளை தானாக ஈடுகட்டிக்கொள்ள வாய்ப்பில்லை. தரம் 4 இன் பாடநூல், தரம் 2 இன் பாடம் கைவந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது.

மட்டக்களப்பு வாவிக்கரையில், மாமாங்கேஸ்வரர் ஆலயத்தைச் சூழ்ந்து அமைந்த அமிர்தகழி போன்ற ஊரில் இந்த ஈடுகட்டலுக்கு அதிபர், ஆரம்பப் பிரிவு ஆசிரியர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பெற்றார் ஆகியோர் முன் நிற்கும் தெரிவுகள் நான்கைந்துதான்: பணங்கொடுத்து அனுப்பும் ரியூசன், பாடசாலை நேரத்துக்குள் நிலைவாரிக் குழுக்கள், ஊர்த் தொண்டரின் மாலை வகுப்பு, செயல் அட்டைகள், கணினிச் சாதனங்கள். இவற்றில் எது நல்லது என்ற கேள்விக்கு, பிள்ளை இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதை அறியாமல் விடையில்லை.

அந்நிலையை எழுத்துப் பரீட்சை காட்டாது. பிள்ளையைத் தனியே அமர்த்தி, சில நிமிடம் வாசிக்கச் செய்வதே காட்டும். எழுத்து, சொல், சிறு பந்தி, சிறுகதை என நான்கு படிகளில் எதுவரை தடையின்றி வாசிக்கிறது என்று பார்க்கும் இம்முறையை, இந்தியாவின் பிரதம் அமைப்பு 2005 முதல் அசர் என்னும் கிராமப்புறக் கணிப்பீட்டில் பரப்பியது. தமிழில் இதனைச் செய்வோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். அகரவரிசையை மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளை, வரிசை குலைத்துக் காட்டினால் அதே எழுத்துகளை இனங்காணாமல் போகலாம். ‘க’, ‘கா’, ‘கி’ என்பவற்றை வாசிக்கும் பிள்ளை ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் தடுமாறுவது சோம்பலால் அன்று. குறியின் ஒரு பாதி மெய்க்கு முன்னும் மறுபாதி பின்னும் நிற்க, இடமிருந்து வலமாகச் செல்லும் கண் ‘கெ’ என்றோ ‘கே’ என்றோ முடிவெடுத்துவிடுகிறது. பாடநூற் பந்தியைத் தவிர்ப்பதும் அவசியம். அதனைப் பார்க்காமலே சொல்லும் பிள்ளைகள் பலர். வீட்டில் ‘போறன்’ என்று பேசும் பிள்ளைக்கு ‘போகிறேன்’ என்னும் அச்சுவடிவம் ஓரளவு புதுமொழியே என்பதால், தயக்கத்தை உடனே குறையாகப் பதிந்துவிடுதலும் முறையன்று.

ரியூசன் வகுப்பின் நோக்கு பெரும்பாலும் தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை. ஏற்கெனவே சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு அது வேகத்தையும் வினாப் பழக்கத்தையும் தரக்கூடும். சொற்படியில் நிற்கும் பிள்ளைக்கோ, மற்றவர் விடை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு வகுப்பாகவே அது முடிகிறது. அத்தகைய பிள்ளைக்காக வறிய குடும்பமொன்று அப்பணத்தைச் செலவிடுவதை எவரும் ஊக்குவிக்கக் கூடாது.

நிலைவாரிக் குழு என்பது, நாளுக்கு ஒரு பாடவேளை தரப் பிரிவைக் களைந்து, ஒரே படியில் நிற்பவரை ஒன்றாக அமர்த்திக் கற்பித்தல். தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பயிற்சிநூல் வழங்கியது. இவ்வழியின் வெற்றி நேர ஒதுக்கீட்டில் தங்கியுள்ளது: பிரதமின் இதே முறையில் ஆசிரியருக்குப் பயிற்சியும் பொருள்களும் மட்டும் வழங்கப்பட்ட பிகாரில் வழமையான பாடசாலை நாட்களில் பெரும் பயன் காணப்படவில்லை, நாள்தோறும் ஒரு மணிநேரம் இதற்கென்றே ஒதுக்கி மேற்பார்வையும் செய்த ஹரியானாவில் வாசிப்பு உயர்ந்தது. ஆகவே அதிபர் நேரசூசியில் அந்தப் பாடவேளையை எழுதி உறுதிசெய்ய இயலாத பாடசாலையில், இதனைத் தொடங்குவதாகச் சொல்வதிற் பொருளில்லை.

மாலை வகுப்புக்குச் சான்று, தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபர் 27 இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’. ஊர்த் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணிநேரம் இருபது பிள்ளைகள் வரை சேர்த்துக் கற்பித்தனர். பாடசாலை திறந்து ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வகுப்புகளால் விளைந்ததாகவும் அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு மதிப்பிட்டது. உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் இளையோரும், அறநெறிப் பாடசாலை மண்டபம் போன்ற இடமும் கிடைக்குமிடத்து இவ்வழி மலிவானது. எனினும் மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை ஊரவரைக் கொண்டு கற்பித்த முயற்சியின் பயன், திட்டம் நின்று ஓராண்டுக்குள் பெரும்பாலும் தேய்ந்தது. ஒரு தவணையுடன் கைவிடத்தக்க வேலை இதுவன்று.

பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறும் ‘ஏணி’ முறை, ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவாகி 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. பல தரங்களை ஒரே ஆசிரியர் ஏற்கும் சிறு பாடசாலைக்கே அது முதன்மையாகப் பொருந்தும். டப்லெட் போன்ற சாதனங்களைப் பொறுத்தவரை, வடோதராவில் கணினிக் கணித விளையாட்டு பயன் தந்தது உண்மை; ஆனால் அது பிள்ளையின் நிலைக்கேற்ப வினாவை மாற்றும் விளையாட்டு. சாதனத்தை மட்டும் வாங்கி வைக்கும் நன்கொடையாளரிடம், அதே தொகையைத் தமிழ்க் கதைப் புத்தகங்களுக்குக் கேட்பதே மேல்.

வாசிப்பைத் தொண்டரிடம் ஒப்படைக்கலாம். கணக்கை அவ்வளவு எளிதில் ஒப்படைக்கலாகாது. இருபது, முப்பது, எண்பது என ‘பது’ தாங்கி வரும் பெயர்கள் பத்துகளைத் தெளிவாகக் காட்ட, தொண்ணூறில் ‘நூறு’ குறுக்கிடுகிறது. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ குறுக்கிடுகிறது. தொண்ணூற்றைந்தை 105 என்றோ, முந்நூற்றைந்தைச் செவிவழியே 3005 என்றோ எழுதும் பிள்ளைக்கு வாய்ப்பாட்டை மேலும் ஒப்புவிக்கச் செய்வதால் எதுவும் தீராது. பத்துத் தென்னை ஈர்க்குகளை ஒரு கட்டாகவும், பத்துக் கட்டுகளை ஒரு பெருங்கட்டாகவும் கட்டவும் அவிழ்க்கவும் வைத்து, இலக்கம் நிற்குமிடமே அதன் பெறுமதி என்னும் இடப்பெறுமானத்தைக் கையால் உணரச் செய்ய வேண்டும். பிழை எங்கே பிறந்தது என்று கண்டறியும் பயிற்சியும் வேண்டும். அமிர்தகழியில் ஒரேயொரு பாடவேளையைத்தான் நிலைவாரிக் குழுவுக்குப் பெற முடியுமெனின், அதனைக் கணிதத்துக்கு ஒதுக்கி ஆசிரியரிடமும், வாசிப்பை மாலை வகுப்பில் தொண்டரிடமும் விடுவதே பொருத்தம். ஒவ்வொரு தவணை முடிவிலும் வாசிப்பையும் கணக்கையும் மீண்டும் தனித்தனியே பார்த்துக் குழுவை மாற்ற வேண்டும். வாசிப்பில் மலராக இருக்கும் பிள்ளை கணக்கில் அரும்பாக இருப்பது அரிதன்று.