குடும்பத் தட்டு: இத்தாலிய உணவகத்தில் ஒரு பாடம்



ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஸ்வராஜ் தீவுக்கு (2018 வரை ஹேவ்லாக்) அழைத்துச் செல்கிறோம். விடுமுறையில் நாமும் சென்னைக்குப் போகிறோம். இரண்டு இடங்களிலும் பாஸ்தா, பீட்சா பரிமாறும் உணவகங்களுக்குப் போக வேண்டும் எனப் பிள்ளைகள் கேட்கிறார்கள். விலையோ அதிகம். பட்டியல் புரியாமல் ஆளுக்கொன்று வாங்கிப் பாதியை மிச்சம் வைத்துவிட்டால், ஒரு வாரச் சந்தைப் பணம் ஒரே வேளையில் போய்விடும். ஆகவே இம்முறை இதையே பாடமாகக் கொள்வோம்.

1. குடும்ப முறை என்பது என்ன?

சில இத்தாலிய உணவகங்களில் உணவு ஆளுக்கொரு தட்டில் வராது. இரண்டு முதல் நான்கு பேர் உண்ணும் அளவில் பெரிய தட்டாக வந்து மேசை நடுவில் இருக்கும். அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பட்டியலில் காணும் விலை அந்தத் தட்டு முழுமைக்கும் உரியது. நம் பந்தியில் ஆளுக்கொரு இலை. பரிமாறுபவர் வாளியோடு வருவார். இங்கே வாளியே நடுவில் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

2. இது எப்படி வந்தது?

1880 முதல் 1920 வரை சுமார் 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். பெரும்பாலோர் தென் இத்தாலியின் ஏழைகள். சொந்த ஊரில் அவர்களுக்கு இறைச்சி அரிது. கூலி கிடைத்த புது நாட்டில் அது எட்டும் விலையில் இருந்தது. இறைச்சி உருண்டைகளோடு கூடிய ஸ்பகெட்டி அங்கே உருவான உணவே. பின்னாளில் அந்த வீட்டுச் சாப்பாட்டு முறையை உணவகங்கள் எடுத்துக்கொண்டன. நியூயார்க்கில் 1990இல் தொடங்கிய கார்மைன்ஸ் அவற்றுள் பெயர்பெற்றது.

எனவே இது அரண்மனை விருந்து அல்ல. பிழைக்க வந்தவர்கள் கூடி உண்ட உணவு. தமிழகத்திலிருந்தும் பர்மா, இலங்கையிலிருந்தும் வந்து இத்தீவுகளில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு அது அந்நியமானதன்று. அங்கே கூச்சப்பட்டு உட்கார வேண்டியதில்லை.

3. பட்டியலைப் படித்தல்

ஆன்டிபாஸ்டோ – தொடக்கச் சிற்றுணவு
ப்ரீமோ – பாஸ்தா, ரிசோட்டோ, சூப்
செகோன்டோ – மீன் அல்லது இறைச்சி
கொன்டோர்னோ – காய்கறித் துணையுணவு
டோல்சே – இனிப்பு

சாம்பார், ரசம், மோர் என நமக்கு வரிசை இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. எல்லாப் பிரிவிலும் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

4. முதலில் கேட்க வேண்டியவை

அ) இந்தத் தட்டு எத்தனை பேருக்குப் போதும்?
ஆ) பாஸ்தாவில் முட்டை உண்டா? பாலாடைக்கட்டி எப்படிப்பட்டது? இத்தாலியின் பார்மிஜானோ கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. சைவம் உண்ணும் பாட்டி உடன் இருந்தால் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.
இ) பில்லில் சேவைக் கட்டணம் சேர்ப்பீர்களா? அதைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் அறிவித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் அதை உறுதி செய்தது. விரும்பினால் கொடுக்கலாம்.

5. கணக்கு

வீட்டில் ஆறு பேர். ஒரு பாஸ்தாத் தட்டு 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொன்று வாங்கினால் 5,400 ரூபாய். 5 விழுக்காடு வரி 270 சேர்த்து 5,670 ரூபாய். மூன்று பேருக்குப் போதுமான பாஸ்தா இரண்டும், 600 ரூபாய்க்குக் காய்கறித் தட்டு ஒன்றும் வாங்கினால் 2,400, வரி 120, மொத்தம் 2,520 ரூபாய். மிச்சம் 3,150 ரூபாய். வயிறும் நிறையும். போதவில்லையென்றால் பிறகு இன்னொன்று வாங்கலாம்; மீந்தால் பார்சல் கேட்பதில் இழுக்கு ஏதும் இல்லை.

தீவில் விலை கூடுவதற்குக் காரணமும் உண்டு. பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து கப்பலிலோ, விமானத்திலோ வருகின்றன.

பிள்ளைகளே, தட்டு வந்ததும் முதலில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் எடுத்துப் போடுங்கள். அந்த மேசையின் முறையும் அதுவே, நம் வீட்டு முறையும் அதுவே.

பயிற்சி

1. குடும்ப முறைக்கும் நம் பந்திக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தட்டு ஒன்று 750 ரூபாய். மூன்று தட்டுக்கு வரியுடன் எவ்வளவு?
3. பகு, பகிர், பரிமாறு – இச்சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.