புதுச் சரக்கும் திரும்பி வந்த சரக்கும்

முழுப் பொருளுக்கு விலை கொடுப்பவர் முழுப் பொருளைப் பெறுதல் வேண்டும்; புதிய பொருளுக்கு விலை கொடுப்பவர் புதியதையே பெறுதல் வேண்டும். வாணிபத்தின் முதல் அறம் இதுவேயாகும். நாணயமான வணிகர் பலர் இவ்வறத்தைக் காத்து வருகின்றனர். எனினும் இதற்கு மாறான இரண்டு வழக்கங்கள் சில கடைகளில் உள்ளன. ஒன்று, உறுப்புக் குறைந்த பொருளை முழுப் பொருளாக விற்பது. மற்றொன்று, ஒருவர் வாங்கிக் குறை கண்டு திருப்பிக் கொடுத்ததை, பெட்டியை மீண்டும் ஒட்டி மற்றொருவருக்குப் புதியதாக விற்பது. இவற்றை எவ்வாறு கண்டறிவது, கண்டபின் செய்யத்தக்கது யாது, பஞ்சாயத்து எவ்வாறு துணை நிற்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மலையூரின் நிலை

சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த வாழவந்தியை எடுத்துக்கொள்வோம். காப்பியும் மிளகும் விளையும் சேர்வராயன் மலையில் உள்ள ஊர் இது. இயந்திரமும் கருவியும் வாங்கப் பெரும்பாலும் சேலத்திற்கே செல்ல வேண்டியிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குப்பனூர் வழியாக இறங்கினாலும் அதுவும் மலைப்பாதையே.

ஓர் உழவர் மருந்து தெளிக்கும் கருவி ஒன்றை வாங்கி மலையேறி வருகிறார் எனக் கொள்வோம். பெட்டியைப் பிரித்தால் நாசில் இல்லை. அல்லது தொட்டியின் அடியில் பழைய மருந்தின் கறை படிந்திருக்கிறது. திரும்பிச் செல்வதென்றால் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். ஆகவே அவர் விடுபட்ட உறுப்பை வேறிடத்தில் வாங்கிப் பொருத்திக்கொண்டு பேசாதிருந்து விடுகிறார். மலையூரார் திரும்பி வரமாட்டார் என்ற நம்பிக்கையே தவறு செய்யும் கடைக்காரரின் முதலாகும்.

இதனை ஒரு நாசிலின் விலையாக மட்டும் கணக்கிடலாகாது. காப்பியில் இலைத்துரு நோயைத் தடுக்கப் பருவமழைக்கு முன்பே போர்டோக் கலவை தெளித்தாக வேண்டும். மிளகுக் கொடியை வாடல் நோயிலிருந்து காக்கவும் அக்கலவையைத் தக்க காலத்தில் தெளித்தல் வேண்டும். அந்தச் சில நாட்களில் கருவி இயங்காவிடில் ஒரு பருவத்தின் விளைவே குன்றக்கூடும்.

கடையிலேயே கண்டறிதல்

விலை கொடுப்பதற்கு முன் பெட்டியைக் கடையிலேயே திறந்து பார்த்தல் வேண்டும். இது வணிகரை அவமதிப்பதாகாது. பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

1. பெட்டியின் மேல் ஒட்டுத்தாள் ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை ஒட்டப்பட்டிருக்கிறதா? முத்திரை கிழிந்துள்ளதா?

2. பெட்டியில் அச்சிட்ட வரிசை எண்ணும் இயந்திரத்தில் பொறித்த வரிசை எண்ணும் ஒன்றாக உள்ளனவா?

3. திருகாணிகளின் தலையில் கீறல் உண்டா? எரிபொருள் தொட்டியில் பெட்ரோல் வாடை வீசுகிறதா? தெளிப்பான் குழாயில் மருந்துக் கறை தெரிகிறதா?

4. வாரண்டிச் சீட்டு உள்ளதா? அதில் முன்பே தேதியோ பெயரோ எழுதப்பட்டுள்ளதா?

5. விளக்கப் புத்தகத்தில் கூறிய உறுப்புகள் யாவும் உள்ளனவா? புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுதல் வேண்டும். வார்ப்பட்டை, வாஷர், ஸ்பானர் போன்ற சிறு பொருள்களே பெரும்பாலும் விடுபடுவன.

பொட்டலப் பண்டங்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது பொதி செய்தவரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர அளவு, வரிகள் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலை முதலியன பொட்டலத்தின் மேல் இருத்தல் வேண்டும். ஒரு பொட்டலத்தில் பல பொருள்கள் இருப்பின் ஒவ்வொன்றின் பெயரும் எண்ணிக்கையும் அல்லது அளவும் குறிக்கப்பட வேண்டும். ஆதலால் பெட்டியின் மேலுள்ள எழுத்தே நமக்கு முதற் சாட்சி. தமிழ்நாட்டில் இவ்விதிகளைத் தொழிலாளர் துறையினர் செயற்படுத்துகின்றனர்.

எல்லாவற்றிற்கும் மேலாக ரசீது பெறுதல் வேண்டும். அதில் பொருளின் பெயர், வரிசை எண், தேதி, விலை ஆகியவை இருக்கட்டும். ரசீது இல்லாதவரின் வழக்கு வேரில்லாத மரத்தை ஒக்கும். அஞ்சலிலோ இணைய வழியிலோ வரும் பொருளாயின், பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தல் நல்ல சான்றாகும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுத்தலை இணைய வணிகத்திற்கான 2020ஆம் ஆண்டு விதிகளும் தடுக்கின்றன.

சட்டம் தரும் பாதுகாப்பு

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. பழைய, பயன்படுத்திய, அல்லது செப்பனிட்ட பொருளைப் புதியது என்று பொய்யாகக் கூறி விற்பதை இச்சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பழையதைப் பழையதென்று கூறி, அதற்கேற்ற விலைக்கு விற்பது தவறன்று. மறைத்து விற்பதே தவறு. குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்திற்குள், அங்ஙனம் காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வகையைச் சார்ந்ததே.

மலையூராருக்கு மிக முக்கியமான செய்தி 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் உள்ளது. பேசியதிலும் குறைவாகச் சரக்கு வந்தால் வாங்குபவர் அதை மறுக்கலாம். மறுக்கும் உரிமை உடையவர், வேறு உடன்பாடு இல்லாதபோது, சரக்கைத் தாமே சுமந்து சென்று திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஏற்க மறுப்பதை விற்றவருக்குத் தெரிவித்தலே போதுமானது. ஆனால் ஒன்று: தாமதிக்கலாகாது. நெடுநாள் பேசாது வைத்திருந்தாலும், தம் உடைமையாகவே கருதிப் பயன்படுத்தினாலும், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். எனவே குறை கண்டவுடன் பயன்படுத்துவதை நிறுத்திக் கடிதம் எழுதி விரைவு அஞ்சலில் அனுப்புதல் வேண்டும். அதன் நகலையும் அஞ்சல் ரசீதையும் காத்து வைத்தல் வேண்டும்.

கடிதத்திற்குப் பயன் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் வாழவந்தியார் சேலம் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரையில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தை வட்டியுடன் திருப்பவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம்.

உழவரும் நுகர்வோரே

விளைவித்து விற்பவர் ஆதலால் உழவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சிலர் வாதிடுவதுண்டு. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தேசிய விதைக் கழகத்திற்கும் விதை வாங்கிய உழவர்களுக்கும் இடையிலான வழக்கில் இதனைத் தெளிவாக்கியது. குறையுள்ள விதை வாங்கிய உழவரும் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று அது தீர்ப்பளித்தது. சோதனைக்கென விதையில் ஒரு பகுதியை உழவர் எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்ப்பது இயலாது என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. எனினும் விதைப்பையையும் அதன் சீட்டையும் அறுவடை வரை காத்து வைத்தல் அறிவுடைமையாகும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

தனி ஒருவரின் முறையீட்டைக் கடைக்காரர் புறக்கணிக்கலாம். ஓர் ஊரே திரண்டு கேட்பதை அங்ஙனம் புறக்கணிப்பது எளிதன்று. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, எந்நாளில், எப்பொருளில், என்ன குறை நேர்ந்தது என்பதை எழுதிவரலாம். அதே குறை மீண்டும் மீண்டும் பதிவாகும்போது அது தற்செயலன்று என்பது விளங்கும். மறுப்புக் கடிதத்தின் மாதிரி ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். எழுத்தறியாதவருக்குப் படித்த இளைஞர் எழுதித் தரலாம். மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் போன்றவற்றின் வழியாகப் பலர் சேர்ந்து கருவிகளை வாங்கினால், பெட்டிகளைச் சங்கத்திலேயே சோதித்து வாங்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதனையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசலாம்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. சென்ற ஓராண்டில் நம் ஊரில் வாங்கிய கருவிகளுள் எத்தனைக்கு ரசீது உள்ளது?

2. குறையுள்ள பொருளைக் கண்டும் பேசாதிருந்தவர் எத்தனை பேர்? அவர்களைத் தடுத்தது செலவா, அறியாமையா, அச்சமா?

3. குறிப்பேட்டை எழுதிவரும் பொறுப்பை ஏற்பவர் யார்?

ஒருவர் பேசாது விட்ட குறை அவரோடு முடிவதில்லை. அதே கடையில் அடுத்தவருக்கும் காத்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கப்பட்ட பெட்டி மீண்டும் ஒட்டப்பட்டு நம் அண்டை வீட்டாரின் தோளில் மலையேறி வரக்கூடும். பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் இதனை உணர்ந்து, வரும் கிராம சபையிலேயே ஆவன செய்வார்களாக.