மீண்டும் வேலைக்கு: இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எப்போது வேலைக்குப் போகப் போகிறீர்கள்?" தையலைப் பார்த்துத்தான் பெரும்பாலும் பதில் சொல்லப்படுகிறது. தையல் காய்ந்துவிட்டது, காய்ச்சல் இல்லை, வாசல் வரை நடக்கிறார், ஆகவே அடுத்த மாதம் முதல் தேதி போய்விடலாம் என்று முடிவாகிறது. குடல்வால் அறுவைக்கு இந்தக் கணக்கு சரி. இரைப்பையின் பெரும்பகுதியையோ முழுவதையுமோ இழந்த உடம்புக்கு இது சரிவராது. வெளிக்காயம் இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். உள்ளே மாற்றி அமைத்த பாதை வழியாகச் சாப்பிட்டுப் பழக மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும்; சிலருக்கு ஓராண்டும் ஆகும். எனவே வேலைக்குத் திரும்பும் நாளைச் சாப்பாட்டை வைத்துக் குறியுங்கள். திரும்பிய பிறகும் வேலை நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். இரைப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்படும் இந்திய நகரங்களில் சென்னையும் ஒன்று என்பதால், நம் ஊரில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய குடும்பங்கள் நிறைய.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். செரிமானத்தின் பெரும்பங்கு சிறுகுடலில்தான் நடக்கிறது. 1897-இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதும் அகற்றினார். அந்தப் பெண் அதன்பின் ஓராண்டுக்கு மேல் உண்டு வாழ்ந்தார். இரைப்பை இல்லாமல் வாழ முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இரைப்பை ஒரு களஞ்சியம். ஒரே மூச்சில் சாப்பிட்டதை வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும் வேலை அதனுடையது. அது போய்விட்டால் உணவு நேராகக் குடலில் இறங்குகிறது. இனிப்பு மிகுந்த உணவானால் இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் வருவது இதனால்தான். இதை டம்பிங் என்று மருத்துவர்கள் சொல்வார்கள்.

இதைச் சமாளிக்க வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது தட்டு. மூன்று வேளையை ஆறு அல்லது எட்டு வேளையாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு ஓர் இட்லியும் ஓர் அவித்த முட்டையும் போதும் என்ற அளவில் தொடங்கி, உடம்பு ஏற்பதைப் பார்த்துக் கூட்டுங்கள். கூழாகும்வரை மென்று விழுங்குங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், அரை மணி முன்போ பின்போ வாய் வாயாகக் குடியுங்கள். சாப்பிட்டவுடன் படுக்க வேண்டாம். இரவில் தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். நம் வீடுகளில் அன்பினால் ஒரு தவறு நடக்கிறது. நோயாளி என்றதும் சர்க்கரை போட்ட கஞ்சி, பழச்சாறு, ஊட்டச்சத்து பானம், குளுக்கோஸ் தண்ணீர் என்று வரிசையாகக் கொடுக்கிறோம். டம்பிங்கைத் தூண்டுபவையும் இவையே. முட்டை, மீன், தயிர், பனீர், குழைய வேகவைத்த பருப்பு ஆகியவைதான் முதலில் தட்டுக்கு வர வேண்டும். "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சுவதையும் நிறுத்த வேண்டும். அந்த ஒரு வாய்தான் பல நேரம் வாந்தியாக வெளியே வருகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் சாப்பிட்ட நேரம், அளவு, பிறகு உடம்பு எப்படி இருந்தது என்பதை எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முதல் சில மாதங்களில் எடை குறைவது வழக்கம். குறைவது எப்போது நிற்கிறது என்பதே முக்கியம்.

வேலைக்குப் போகிறவர் தனியாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. சிலருக்குச் சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, கூடுதலாகச் சுரந்த இன்சுலினால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருட்டும். காலை இட்லிக்குப் பின், பதினோரு மணிக்கு இயந்திரத்தின் முன்னாலோ பைக் ஓட்டும்போதோ இது வந்தால் ஆபத்து. அப்போது கொஞ்சம் குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்துக்கொள்ளலாம். தொடர்ந்து சுண்டலோ முட்டையோ சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை தூக்கலான டீ குடித்து வேளையை ஓட்டும் பழக்கம் இனி உதவாது. நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மயக்கம் அடங்கும்வரை வண்டி ஓட்டுவதையும் உயரத்தில் ஏறி வேலை செய்வதையும் தள்ளிப்போடுங்கள்.

"உடம்பு முழுக்கத் தேறட்டும், அதுவரை அசையாமல் ஓய்வெடுக்கட்டும்" என்பது பெரியவர்கள் சொல்வது. இதில் பாதி நியாயம் உண்டு. வயிற்றுத் தசை இணையும்வரை, பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம், கனம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், இருபது லிட்டர் கேன், ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவது எல்லாம் இதில் அடங்கும்; மீறினால் தழும்பில் குடலிறக்கம் வரலாம். ஆனால் படுத்தே இருப்பது தசையைக் கரைக்கிறது, பசியையும் கொல்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2025-இல் வெளியானது. மூன்றாண்டு முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் 80.3 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பின்னும் நோய் திரும்பாமல் இருந்தனர்; ஆலோசனைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் அது 73.9. அது பெருங்குடலுக்கான ஆய்வு. இரைப்பைக்கு அதே எண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சைக்குப் பின் உடம்பை இயக்குவது கெடுதல் என்ற அச்சத்துக்கு அது போதுமான பதில். தெருமுனை வரை நடந்து தொடங்குங்கள். சில வாரங்களில் நிற்காமல் அரை மணி நடக்க முடிய வேண்டும்.

அடுத்தது ஒத்திகை. வேலைக்குப் போவதற்கு முந்தைய வாரம், வீட்டிலேயே ஒரு வேலை நாளை வாழ்ந்து பாருங்கள். அலுவலக நாள் போலவே எழுந்து குளித்து, டிபன் பாக்ஸில் ஆறு வேளைக்கான உணவைப் பிரித்து வைத்து, அந்தந்த மணிக்குச் சாப்பிட்டு, இடையில் நாற்காலியில் அமர்ந்திருங்கள். ஐந்து நாளில் நான்கு நாளாவது படபடப்போ வாந்தியோ இல்லாமல் மாலை வரை தாக்குப்பிடித்து, எடையும் நிலையாக இருந்தால், மருத்துவரிடம் காட்டி நாள் குறிக்கலாம். முதல் இரண்டு வாரம் அரை நாள், பிறகு மாற்று நாள்களில் முழு நாள் என்று ஏற்றுவது நல்லது. கீமோ நடக்கும்போது, மருந்து ஏற்றிய வாரத்தை விட்டுவிட்டுத் திட்டமிடுங்கள்.

"ஆறு தடவை சாப்பிட எந்த முதலாளி விடுவார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நோயைச் சொன்னால் வேலையே போய்விடும் என்ற பயமும் பொய்யல்ல. நோயின் முழுக்கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "வயிற்றில் பெரிய ஆபரேஷன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் சாப்பிட வேண்டும், கழிப்பறைக்கு அருகில் இடம் வேண்டும், இப்போதைக்குக் கனம் தூக்கக் கூடாது" என்று மருத்துவர் கடிதத்தோடு கேளுங்கள். சலுகை கேட்பதைவிடத் தேவையைக் கணக்காகச் சொல்வது எளிதில் ஏற்கப்படும். இஎஸ்ஐ காப்பீட்டில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியம் உண்டு. புற்றுநோய்க்குத் தகுதியுள்ளவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பயனாக 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். சிகிச்சை தொடங்கியவுடனே சான்றிதழ்களை ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். சித்தாள், சுமைதூக்குபவர், வயல் வேலை செய்பவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் பழைய வேலைக்கே திரும்புவது உடம்புக்கு ஏற்றதல்ல; கனம் தூக்காத வேறு வேலையைக் குடும்பம் அறுவைக்கு முன்பே யோசித்து வைப்பது நல்லது.

விடாத வாந்தி, விழுங்க முடியாமை, கறுப்பு மலம், காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், நிற்காமல் குறையும் எடை ஆகியவை வந்தால் விடுப்பு எடுத்து அன்றே மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் சீராகி வேலையில் மூழ்கிய பிறகு மறந்துபோவது ஒன்று உண்டு, பி12 ஊசி. அந்தச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் தேவை. இரைப்பை முழுவதும் போனவருக்கு அது இனி இல்லை. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டு தாங்குவதால் ஊசியை விட்டாலும் உடனே எதுவும் தெரியாது. இரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் பிறகுதான் வரும். ஊசி வாழ்நாள் முழுவதும் வேண்டும். அடுத்த தேதியை மருத்துவரிடம் கேட்டு, இன்றே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.