எண்ணெயின் நிறத்தை நம்பலாமா?

நல்லெண்ணெய் வாங்கும்போது நாம் முதலிற் பார்ப்பது நிறத்தைத்தான். இத்தாலி, ஸ்பானியா, கிரேக்க நாடுகளில் ஒலிவ எண்ணெய் வாங்குவோர் பலரும் அப்படியே. அந்த நிறம் எதனால் வருகிறது?

ஒலிவப் பழத்தை அரைத்து, இரசாயனம் எதுவும் சேர்க்காது பிரித்தெடுப்பதே கன்னி எண்ணெய். சுத்திகரிக்கப்படாததால் பழத்தின் நிறப்பொருட்கள் அதிலேயே தங்குகின்றன. பச்சை நிறம் பச்சையத்தால் வருவது. மஞ்சள் நிறம் லூற்றீன், பீற்றா கரோற்றீன் என்பவற்றால் வருவது. காய்ப்பருவத்தில் பறித்தால் எண்ணெய் பச்சையாயிருக்கும். பழுத்தபின் பறித்தால் பொன்னிறமாகும். பழம் கறுத்தாலும் எண்ணெய் கறுப்பதில்லை. அந்தக் கருஞ்சாயம் நீரில் கரைவதால் சாற்று நீரோடு போய்விடுகிறது.

ஆகவே நிறம் பெரும்பாலும் பழத்தின் பருவத்தையும் இனத்தையும் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது. இதனாற்றான் தரம் பார்ப்போர், நிறம் தெரியாதபடி கடும் நிறக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி மணந்து சுவைக்கின்றனர். நிறத்தை நம்பினோர் ஏமாந்ததுமுண்டு. சூரியகாந்தி எண்ணெயிற் பச்சையமும் கரோற்றீனும் கலந்து ஒலிவ எண்ணெயென விற்ற கூட்டமொன்று 2019இல் இத்தாலியிற் பிடிபட்டது. சுமார் 150,000 லீற்றர் கைப்பற்றப்பட்டது.

இன்னொன்றையும் கவனிப்போம். வெளிச்சம் பட்டால் அதே பச்சையம் ஒளியை உறிஞ்சி, ஒட்சிசனைத் தூண்டி எண்ணெயைக் கெடுக்கும். பாண்டல் மணம் வரும். ஆகவே நல்ல ஒலிவ எண்ணெயைக் கடும் நிறப் போத்தலில் அடைக்கின்றனர்.

எமது நல்லெண்ணெய்க்கும் வெயிலும் வெப்பமும் காற்றும் பகையே. நிறத்தை மட்டும் பாராது மணந்து பார்த்து வாங்குவோம்; இறுக மூடி, இருட்டான இடத்தில் வைப்போம்.